ஒரே ஊர், நாலு கணக்கு: கிராமம், நகரம் என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

கேள்வி இது: "கிராமப்புற, நகர்ப்புறக் குடியிருப்புகளில் எத்தனை வகை உண்டு? எங்கள் ஊர் பேரூராட்சி. அரசுக் கணக்கில் நகரமாம். ஆனால் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் நாற்றங்கால்தான். இது எந்த வகையில் சேரும்?"

எத்தனை வகை என்பது யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புவியியல் வாத்தியார் வீடுகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்ப்பார். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்கள் ஆட்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள். உள்ளாட்சித் துறைக்கு எந்தச் சட்டத்தின் கீழ் வரி வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம். தாலுகா ஆபீசுக்கு இது எதுவும் வேண்டாம், சர்வே எண்களின் எல்லைதான் அதற்கு ஊர். இந்த நாலு கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டை வைத்தே சொல்கிறேன், எனக்குத் தெரிந்த நிலம் அதுதான்.

முதலில் வடிவம். பாடப்புத்தகத்தில் குழுமிய குடியிருப்பு, சிதறிய குடியிருப்பு என்று இரண்டு பெரிய பிரிவு இருக்கும். அதற்குள் நீள்வரிசை, செவ்வகம், வட்டம், நட்சத்திரம் என்று படம் போட்டிருப்பார்கள். படத்தை மனப்பாடம் செய்வதைவிட, ஏன் ஓர் ஊர் குழுமுகிறது, ஏன் இன்னொன்று சிதறுகிறது என்று புரிந்துகொண்டால் போதும். இரண்டு விஷயம்தான்: குடிதண்ணீர் எங்கே இருக்கிறது, பயிருக்கு எவ்வளவு காவல் வேண்டியிருக்கிறது.

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் போனால் வயல்வெளிக்கு நடுவே கொஞ்சம் மேடான இடத்தில் வீடுகள் நெருக்கி உட்கார்ந்திருக்கும். ஆற்றுப் பாசனம் என்பதால் தண்ணீர் வாய்க்காலில் தானாக வந்து வயலில் நிற்கிறது. யாரும் ராத்திரி பகலாக வயலில் கிடக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் சுற்றிலும் ஒரே வெள்ளக்காடு, மேட்டில் மட்டும்தான் வீடு கட்ட முடியும். நன்செய் நிலம் விலை அதிகம், அதில் வீட்டைக் கட்டி வீணாக்க மாட்டார்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் ஊர் குழுமத்தான் செய்யும்.

கொங்கு நாட்டில் நேர்மாறு. ஈரோடு, பல்லடம், தாராபுரம் பக்கம் கிணற்றுப் பாசனம். அந்தக் காலத்தில் கவலை ஓட்டி, அதாவது மாடு பூட்டித் தோல் பையால், கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தார்கள். மாடு இரண்டு, ஆள் ஒன்று, விடியற்காலையிலேயே தொடங்கிவிட வேண்டும். கிணறு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மனிதன் இருந்தாக வேண்டும். அதனால் குடும்பமே தோட்டத்தில் குடியேறியது. தோட்டத்துச் சாளை என்பார்கள்: முன்னால் அகலமான வாசல், ஒரு பக்கம் மாட்டுக் கட்டுத்தரை, பின்னால் கிணறு, தட்டுப்போர், எல்லைக்குக் கிளுவை வேலி. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தால் பெரிய விஷயம். அங்கே 'ஊருக்குப் போய்ட்டு வரேன்' என்றால் கோயிலும் கடையும் இருக்கிற நடு ஊருக்குப் போவது என்று பொருள். பேசுகிறவர் குடியிருப்பது ஊரில் அல்ல, தோட்டத்தில். மோட்டார் வந்து கவலை போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் தோட்டத்து வீடுகள் அப்படியே நிற்கின்றன.

ராமநாதபுரம் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிக்க ஊருணி ஒன்றுதான். வயல் எங்கே இருந்தாலும் வீடு ஊருணியைச் சுற்றித்தான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் மானாவாரிப் பயிர். விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற விவசாயத்துக்கு ஆள் காட்டிலேயே குடியிருக்கத் தேவையில்லை. அங்கேயும் ஊர்கள் நெருக்கமாக, ஊருக்கும் ஊருக்கும் நடுவே பெரிய வெளியோடு இருப்பதைப் பார்க்கலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடற்கரைக் குப்பங்கள் நீள்வரிசை. கட்டுமரம் கண்ணில் படுகிற தூரத்தில் வீடு இருக்க வேண்டும் என்பதே காரணம். 2004 சுனாமிக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் கடலிலிருந்து தள்ளிக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் அந்தத் தொடர்பு அறுந்துபோனது. நீலகிரியில் படகர்களின் ஹட்டி என்பது சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை. அதே மலையில் தோடர்களின் மந்து புல்வெளிக்கு நடுவே ஒரு சில குடிசைகள் மட்டும். வால்பாறை எஸ்டேட் லைன் வீடுகள் கம்பெனி போட்டது; வேலை போனால் வீடும் போகும். தற்காலிகக் குடியிருப்புக்கு எடுத்துக்காட்டு கேட்டால் எல்லோரும் எஸ்கிமோவை எழுதுகிறார்கள். அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் ஆட்டுக் கிடை போட ராமநாதபுரத்திலிருந்து வருகிற கீதாரிகளை எழுதுங்கள், அதுவும் தற்காலிகக் குடியிருப்புதான்.

பாடப்புத்தகப் படங்களில் வராத ஒன்று சாதி. நம் கிராமங்களின் வரைபடத்தைத் தண்ணீர் பாதி வரைந்தது என்றால் மீதியைச் சாதி வரைந்தது. ராஜராஜ சோழனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் இறையிலி (வரி இல்லாத) நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால் என்பவற்றோடு பறைச்சேரி, கம்மாணசேரி (கைவினைஞர் குடியிருப்பு), சுடுகாடு என்றும் தனித்தனியாக வரும். குடியிருப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைக்கும் டெல்டாவில் ஒரு கிராமத்துக்குள் போனால் கோயிலை ஒட்டி அக்ரஹாரம், அடுத்துக் குடியானத் தெரு, பிறகு நாலைந்து வயல் இடைவெளி, அதற்கு அப்பால் காலனி. அந்த இடைவெளியைப் புவியியலில் எந்தப் பெயரிட்டு அழைப்பது? சில நூல்கள் 'துண்டுபட்ட குடியிருப்பு' என்று நாகரிகமாகச் சொல்லும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சொல் போகும், இடைவெளி போக நாளாகும். அதை மாற்றிக் கட்டிப் பார்த்த ஒரு முயற்சி பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடு, அதில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10. வீடுகளை ஒதுக்கும்போது கலந்தே ஒதுக்க வேண்டும் என்பது விதி. திட்டமிட்ட ஊரகக் குடியிருப்பு என்ற வகைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை.

இரண்டாவது, தாலுகா ஆபீஸ் கணக்கு. வி.ஏ.ஓ. கையில் இருக்கிற 'வருவாய் கிராமம்' மக்கள் வாழ்கிற இடம் அல்ல, நிலத்தின் எல்லை. அதற்குள் வீடு கட்டிக்கொள்ள ஒதுக்கிய நிலம் நத்தம். மீதி நன்செய், புன்செய், புறம்போக்கு. ஒரு வருவாய் கிராமத்துக்குள் நாலு குடியிருப்பு இருக்கலாம், ஆளே இல்லாமலும் இருக்கலாம். கணக்கெடுப்பில் 'மக்கள் வசிக்காத கிராமம்' என்று வருவதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். காடும் ஏரியும் மட்டும் இருக்கிற வருவாய் கிராமம் அது. ஊராட்சி என்பது வேறு. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள், அவற்றுக்குள் அரசு குக்கிராமம் என்று எழுதுகிற குடியிருப்புகள் 79,000க்கு மேல். சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு. நாம் பேச்சில் 'எங்க ஊரு' என்பது பெரும்பாலும் இந்தக் குக்கிராமத்தைத்தான். ஆதாரில் அச்சாகிற பெயர் வேறாக இருப்பதும் இதனால்தான்.

மூன்றாவது, கணக்கெடுப்பு. நகரமா கிராமமா என்று நாட்டுக்கே தீர்ப்பு சொல்கிற கணக்கு இது. நகரம் என்பதற்கு இரண்டு வழி. ஒன்று, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டிருந்தால் வேறு எதையும் பார்க்காமல் நகரம். இதைச் சட்டப்பூர்வ நகரம் என்பார்கள். இன்னொன்று, அப்படி அறிவிக்கப்படாவிட்டாலும் மூன்று நிபந்தனைகளைத் தாண்டினால் 'கணக்கெடுப்பு நகரம்': மக்கள்தொகை குறைந்தது 5,000, சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், முதன்மை வேலையாட்களான (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்கிற) ஆண்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயமல்லாத தொழிலில் இருக்க வேண்டும்.

அந்த மூன்றாவது நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். ஆண்கள் மட்டும். ஆண்கள் டவுனுக்குக் கொத்து வேலைக்கோ மில்லுக்கோ போய்விட, நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில் இருக்கிற ஊர்கள் நம்மிடம் எத்தனை! அப்படிப்பட்ட ஓர் ஊர் வயலும் நாற்றுமாக இருந்தபடியே நகரமாகிவிடும். பெண்களின் உழைப்பு அங்கே கணக்கில் ஏறுவதே இல்லை. இந்த அளவுகோலை மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி.

இதனால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளம் நல்ல சாட்சி. 2001இல் அங்கே நகர்ப்புற மக்கள் சுமார் 26 சதவீதம், 2011இல் 47.7 சதவீதம். பத்து ஆண்டில் பாதிக் கேரளம் மூட்டை கட்டிக்கொண்டு டவுனுக்குப் போகவில்லை. கணக்கெடுப்பு நகரங்கள் 99இலிருந்து 461 ஆயின, அவ்வளவுதான். தென்னந்தோப்புக்குள் வீடு, வீட்டுக்காரர் துபாயில் அல்லது கடையில். தமிழ்நாட்டிலும் அந்தப் பத்தாண்டில் சட்டப்பூர்வ நகரங்கள் 721 என்று அப்படியே இருக்க, கணக்கெடுப்பு நகரங்கள் 111இலிருந்து 376 ஆயின. 2011இல் தமிழ்நாட்டின் நகர்ப்புற மக்கள் 48.4 சதவீதம், இந்தியாவுக்கு 31.2 சதவீதம். நாம் இவ்வளவு நகர்மயமாகத் தெரிவதற்கு ஒரு காரணம் பேரூராட்சிகள். வேறு மாநிலங்களில் கிராமமாகவே விட்டுவைக்கிற அளவுள்ள ஊர்களை நாம் எப்போதோ பேரூராட்சி ஆக்கிவிட்டோம்.

இனி நாலாவது கணக்கு, உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இதில்தான். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்ற ஏணி மக்கள்தொகையை மட்டும் வைத்துப் போட்டதல்ல, வருமானமும் சேர்ந்தது. பேரூராட்சிகளுக்குள்ளேயே இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று தரம் பிரிப்பது ஆண்டு வருமானத்தை வைத்துத்தான். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் பேரூராட்சி மாதிரி அமைப்பைக் 'கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கிற பகுதி' என்றே வரையறுக்கிறது. ஆகவே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாற்றங்கால் இருப்பது பேரூராட்சிக்குக் குறையே அல்ல, அதன் இலக்கணமே அதுதான்.

இந்தப் பெயர் எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு ஒரு சம்பவம். 2004இல் தமிழ்நாடு அரசு 500க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே ஆணையில் 'சிறப்பு கிராம ஊராட்சி' என்று மாற்றியது. ஊரக வளர்ச்சிக்கு மத்திய அரசு தருகிற நிதி பேரூராட்சிக்குக் கிடைக்காது, ஊராட்சிக்குக் கிடைக்கும் என்பதே காரணம். 2006இல் ஆட்சி மாறியதும் எல்லாம் திரும்பவும் பேரூராட்சி ஆயின. இடையில் எந்த ஊரிலும் ஒரு செங்கல் இடம் மாறவில்லை.

இந்த ஏணியில் ஒரு படி ஏறுவதை ஊர்க்காரர்கள் பெருமையாக நினைப்பார்கள் என்று சென்னையில் உட்கார்ந்திருப்பவர்கள் எண்ணுகிறார்கள். நடப்பது வேறு. பக்கத்து நகராட்சியோடு ஓர் ஊராட்சியைச் சேர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் மறுநாளே கலெக்டர் ஆபீசில் மனு. 100 நாள் வேலை என்று நாம் சொல்லிப் பழகிய திட்டம் வந்த நாளிலிருந்து ஊரகத்துக்கு மட்டுமே. நகராட்சி ஆனால் அது போகும், வீட்டு வரி ஏறும், குடிநீர்க் கட்டணம் ஏறும், கட்டட அனுமதிக்கு அலைச்சல் கூடும். மறுபக்கம், மெயின் ரோட்டில் மனை போட்டு விற்பவருக்கு 'மாநகராட்சி எல்லைக்குள்' என்று போர்டில் எழுத வேண்டும். ஒரே ஊரில் இரண்டு தரப்பும் இருப்பார்கள். வயதான கூலிக்காரப் பெண்களும் நிலமில்லாதவர்களும் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நகரங்களின் வகைக்கு வருவோம். அளவை வைத்துக் கணக்கெடுப்பில் ஆறு வகுப்பு: ஒரு லட்சமும் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 50,000 முதல் இரண்டாவது, 20,000 முதல் மூன்றாவது, 10,000 முதல் நான்காவது, 5,000 முதல் ஐந்தாவது, அதற்கும் கீழே ஆறாவது. 10 லட்சத்தைத் தாண்டினால் பெருநகரம். 2011இல் தமிழ்நாட்டில் அப்படி நாலு: சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி. திருப்பூர் 9.6 லட்சத்தில் வாசலில் நின்றது. இந்த எண்கள் மாநகராட்சி எல்லைக்கு உரியவை அல்ல, நகரத் தொகுப்புக்கு உரியவை. தாய் நகரமும் அதை ஒட்டி இடைவெளியில்லாமல் வளர்ந்த சிறு நகரங்களும் சேர்ந்தது நகரத் தொகுப்பு. தேர்வில் இந்த இரண்டையும் குழப்பித்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

தொழிலை வைத்துக் கோயில் நகரம், துறைமுக நகரம், படை நகரம், ஆலை நகரம் என்று பட்டியல் போடுவது பழைய வழக்கம். முழுக்கத் தவறில்லை, ஆனால் எந்த நகரமும் பிறந்த வேலையிலேயே நிற்பதில்லை. மதுரையை எடுங்கள். கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரம். கடைசிச் சதுரமான வெளி வீதி கோயிலுக்காகப் போட்டதல்ல. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து உண்டாக்கியது. அதாவது வெளி வீதியில் நடப்பவர் பழைய கோட்டை எல்லையில் நடக்கிறார். பரங்கிமலையும் வெலிங்டனும் கன்டோன்மென்ட். நெய்வேலி 1956இல் பழுப்பு நிலக்கரிக்காக நிறுவனம் தொடங்கியதும் காகிதத்தில் வரைந்து கட்டிய நகரியம். முகவரியில் தெருப் பெயருக்கு முன்பே வட்ட எண் (பிளாக் நம்பர்) வந்துவிடும். திருப்பூருக்கு அப்படி எந்த வரைபடமும் இல்லை. பனியன் கம்பெனி எங்கே இடம் பிடித்ததோ அங்கே லைன் வீடு, அதைச் சுற்றிக் கடை.

சென்னை இன்னொரு வகை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் பிடித்த மணல் திட்டு ஒரு பக்கம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி என்று அதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஊராக இருந்தவை இன்னொரு பக்கம். அவற்றையெல்லாம் தைத்துத் தைத்துச் செய்த நகரம் இது. தையல் இன்னும் முடியவில்லை. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அப்படி விரிந்த பிறகும் ஊசி முனை எட்டாத இடங்கள் உண்டு. பெரும்பாக்கம் அதில் ஒன்று. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்காக எட்டு மாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழும்பியபோதும் அது சட்டப்படி கிராம ஊராட்சி. லிஃப்ட் வைத்த கிராமம்! லிஃப்ட் நின்றால் யாரிடம் போவது, குப்பையை யார் அள்ளுவது என்று அங்கே குடிவந்தவர்கள் வீடு கட்டிய குடிசை மாற்று வாரியத்துக்கும் ஊராட்சிக்கும் நடுவே அலைந்தார்கள். குடியிருப்பின் வகை தவறாக எழுதப்பட்டிருந்தால் விளைவு இப்படித்தான் அன்றாடத்தில் வந்து விழும்.

வெளிநாட்டில் எப்படி என்றும் சிலர் கேட்பார்கள். டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தால் நகர்ப்புறம். ஜப்பானில் நகரம் என்ற தகுதிக்கு அடிப்படை 50,000. இப்படி ஆளாளுக்கு ஒரு கோல் வைத்து அளந்ததால், 2020இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் எல்லா நாடுகளையும் ஒப்பிட ஒரு பொது முறையை ஏற்றது. நிலத்தை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேருக்குக் குறையாத கட்டங்கள் சேர்ந்து மொத்தம் 50,000 பேர் இருந்தால் மாநகரம், 300 பேர் அடர்த்தியில் 5,000 பேர் இருந்தால் சிறுநகரமும் நடுத்தர அடர்த்திப் பகுதியும், மீதி கிராமப்புறம். எந்த நாட்டுச் சட்டமும் இதில் குறுக்கே வராது. கிராமம், நகரம் என்ற இரண்டுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றுக்கு முறைப்படி இடம் கொடுத்திருப்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

தேர்வுக்காகக் கேட்டிருந்தால் குழுமிய, சிதறிய என்று தொடங்கி, கணக்கெடுப்பின் மூன்று நிபந்தனைகளை எண்ணோடு எழுதி, ஆறு வகுப்பையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் இது: வடிவத்தில் அது பெரும்பாலும் குழுமிய கிராமமாக இருக்கும், சட்டத்தில் பேரூராட்சி, கணக்கெடுப்பில் சட்டப்பூர்வ நகரம். தாலுகா ஆபீசில் ஒன்றோ இரண்டோ வருவாய் கிராமங்களாக இருக்கலாம், பட்டாவை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. அதில் பக்கத்து ஊராட்சி ஏதாவது கணக்கெடுப்பு நகரமாக மாறியிருந்தாலும் அங்கே வரியோ சலுகையோ மாறாது. அது புள்ளிவிவரப் பெயர் மட்டும்தான். அரசிதழில் தனி அறிவிப்பு வந்தால்தான் எல்லாம் மாறும். ஊரில் யாராவது 'நம்ம ஊரு டவுன் ஆயிடுச்சாம்' என்று வந்து சொன்னால், எந்த டவுன் என்று முதலில் கேளுங்கள்.